கேட்பவருக்கு வாக்கில்லை: வட கொரிய மனித உரிமைச் சட்டங்கள் பற்றி ஓர் ஆய்வு

ஒரு நாட்டின் நாடாளுமன்றம் தன் மக்களுக்காகச் சட்டம் இயற்றுவது வழக்கம். வேறொரு நாட்டு மக்களின் காதில் உண்மைச் செய்தி விழவேண்டும் என்பதற்காகச் சட்டம் இயற்றுவது அபூர்வம். 2004 அக்டோபர் 18 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட வட கொரிய மனித உரிமைச் சட்டம் அந்த அபூர்வ வகையைச் சேர்ந்தது. 2006இல் ஜப்பானும் 2016இல் தென் கொரியாவும் இதே நோக்கில் தத்தம் சட்டங்களை நிறைவேற்றின. மூன்றும் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட வட கொரிய மக்களைப் பற்றியவை. அந்த மக்களில் ஒருவருக்குக்கூட இந்த மூன்று நாடாளுமன்றங்களில் எதிலும் வாக்கில்லை.

முதல் சட்டம் வந்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. இந்தச் சட்டங்கள் என்ன செய்தன, எதைச் செய்யத் தவறின, தவறியதற்குக் காரணம் என்ன என்று நிதானமாகப் பார்க்கலாம். பியோங்யாங்கின் எதிர்ப்பால் இவை தோற்றன என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம். எதிர்ப்பு கடுமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் இவற்றின் வரலாற்றைத் தொடர்ந்து படித்தால் வேறொன்று தெரியவருகிறது. இவற்றை அதிகம் முடக்கியது இவை பிறந்த நாடுகளின் அசட்டையும் அரசியல் ஊசலாட்டமும்தான். பயனடைய வேண்டியவர்களுக்கு வாக்கில்லை என்பதால், இச்சட்டங்கள் செயலிழந்தபோது கேட்பதற்கு ஆளில்லாமல் போயிற்று.

அடைப்பு எப்படி இயங்குகிறது

வட கொரியாவில் சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடிய வானொலிப் பெட்டி, அரசு அலைவரிசைகளில் மட்டுமே நிற்கும்படி பூட்டப்பட்டது. வேறு அலைவரிசைக்குத் திருப்பக்கூடிய பெட்டியைப் பதிவுசெய்யாமல் வைத்திருப்பதே குற்றம். உலக இணையம் மிகச் சிலருக்கு மட்டும். மற்றவர்களுக்குக் குவாங்மியோங் என்ற உள்நாட்டு வலைப்பின்னல். 2008இல் எகிப்தின் ஓராஸ்காம் நிறுவனத்தின் கூட்டில் கோரியோலிங்க் கைபேசிச் சேவை தொடங்கியது. இன்று பல லட்சம் பேர் கைபேசி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கைபேசிகளிலிருந்து சாதாரணக் குடிமகன் வெளிநாட்டுக்குப் பேச முடியாது.

இந்த அடைப்பைக் காக்கும் வலிய கருவி மனிதர்களே. ஒவ்வொரு குடியிருப்பிலும் இருபது முதல் நாற்பது குடும்பங்களைச் சேர்த்து ‘இன்மின்பான்’ என்ற அயலகக் குழு இருக்கிறது. யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தார், யார் கையில் திடீரென்று பணம் புழங்குகிறது என்பதையெல்லாம் கவனிப்பது குழுத் தலைவியின் வேலை. வெளிநாட்டுப் படம், பாட்டு, ஒலிபரப்பு ஆகியவற்றைத் தேடிப் பிடிக்க ‘109’ என்ற எண்ணால் அறியப்படும் சிறப்புப் படை வீடுகளைச் சோதனையிடுகிறது.

இந்த நிலையைப் பார்த்து, வெளியார் சட்டம் இயற்றுவது அயல்நாட்டு விழுமியத்தைத் திணிப்பதாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு விடை வட கொரியாவே ஏற்றுக்கொண்ட ஆவணங்களில் இருக்கிறது. அதன் அரசியல் சாசனத்தின் 67ஆம் பிரிவு பேச்சு, பத்திரிகை, கூட்டம் ஆகியவற்றுக்குச் சுதந்திரம் வழங்குகிறது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் அந்நாடு 1981இல் சேர்ந்தது. 1997இல் விலக முயன்றபோது, அந்த உடன்படிக்கையில் விலகுவதற்கு இடமில்லை என்று ஐ.நா. தெரிவித்தது. ஆகவே அதன் 19ஆம் பிரிவு இன்றும் வட கொரியாவைக் கட்டுப்படுத்துகிறது. எல்லைகள் எவையாயினும் தகவலைத் தேடவும் பெறவும் பகிரவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்பது அந்தப் பிரிவு. அது ஒலிபரப்பும் நாட்டுக்குத் தரப்பட்ட சலுகை அல்ல, கேட்பவருடைய உரிமை. இந்தச் சட்டங்கள் அனைத்தையும் மதிப்பிட வேண்டிய அளவுகோலும் அதுவே.

2004ஆம் ஆண்டுச் சட்டம்

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஜிம் லீச் கொண்டுவந்த மசோதா, இரு கட்சிகளின் ஆதரவோடு நிறைவேறியது. அதன் பின்புலத்தில் 1990களின் பஞ்சம் இருந்தது. பல லட்சம் பேர் பட்டினியால் இறந்த அந்த ஆண்டுகளில் ரேஷன் முறை சரிந்தது. உயிர் பிழைக்க மக்கள் சந்தைகளை உருவாக்கினார்கள். டூமன், யாலு ஆறுகளைக் கடந்து சீனாவுக்குள் ஓடினார்கள். தப்பியவர்கள் சொன்ன செய்திகள் சியோலையும் வாஷிங்டனையும் எட்டின. அதுவரை அணு ஆயுதக் கண்ணாடி வழியாக மட்டுமே பார்க்கப்பட்ட ஒரு நாட்டில், சிறை முகாம்களும் பசித்த குழந்தைகளும் இருப்பது பொதுப் பேச்சுக்கு வந்தது.

சட்டம் நான்கு வேலைகளை வகுத்தது. மனித உரிமை, ஜனநாயகத் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 20 லட்சம் டாலர். தகவல் சுதந்திரத்துக்கு, குறிப்பாக வெளி ஒலிபரப்பைக் கேட்கக்கூடிய வானொலிப் பெட்டிகள் உள்ளே சென்று சேர்வதற்கு, இன்னொரு 20 லட்சம். வட கொரியாவுக்கு வெளியே தவிக்கும் அகதிகளுக்கான உதவிக்கு 2 கோடி டாலர் வரை. இவற்றை ஒருங்கிணைக்க ஒரு சிறப்புத் தூதர். ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’, ‘ரேடியோ ஃப்ரீ ஏசியா’ ஆகியவற்றின் கொரிய ஒலிபரப்பு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரமாக வளரவேண்டும் என்ற இலக்கையும் அது குறித்தது.

அதிகம் கவனிக்கப்படாத இன்னொரு பிரிவு அகதிகளைப் பற்றியது. தென் கொரிய அரசியல் சாசனத்தின் 3ஆம் பிரிவு முழுக் கொரியத் தீபகற்பத்தையும் அந்நாட்டின் நிலப்பரப்பாகக் கொள்கிறது. அதன்படி வட கொரியர் ஒவ்வொருவரும் தென் கொரியக் குடியுரிமைக்கு உரியவர். இன்னொரு நாட்டில் குடியுரிமைக்கு வழி இருப்பவரை அகதியாக ஏற்கத் தேவையில்லை என்று அமெரிக்க அதிகாரிகள் சொல்ல இது இடம் தந்தது. 2004ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. முதல் ஆறு பேர் 2006 மே மாதத்தில் அமெரிக்காவை அடைந்தார்கள். அதற்குப் பின் இத்தனை ஆண்டுகளில் அவ்வழியே போனவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர்தான். தென் கொரியா ஏற்றுக்கொண்ட 34,000க்கும் மேற்பட்டவர்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண்ணிக்கை. கதவு திறந்தது, ஆனால் அந்தக் கதவு வரை வந்து சேரும் பாதை சீனா வழியாகத்தான் இருந்தது.

சட்டம் 2008, 2012, 2018 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டுப் புதுப்பிப்பு காலமாற்றத்தை உணர்ந்திருந்தது. வானொலிப் பெட்டிகளோடு பென் டிரைவ், மெமரி கார்டு, கைபேசி, ஒலி, ஒளி இயக்கிகள் ஆகியவற்றையும் பட்டியலில் சேர்த்தது. தகவலுக்கான ஒதுக்கீடு 30 லட்சம் டாலராக உயர்ந்தது. அந்த ஆண்டு ஜூன் 12 அன்று சிங்கப்பூரில் டொனால்ட் டிரம்பும் கிம் ஜோங் உன்னும் கையெழுத்திட்ட கூட்டறிக்கையில் மனித உரிமை இடம்பெறவில்லை. ஜூலை 20 அன்று அதே அதிபர் இந்தப் புதுப்பிப்பில் கையெழுத்திட்டார். நாடாளுமன்றம் சட்டத்தை உயிரோடு வைத்திருந்தது. பேச்சுவார்த்தை மேசையில் அது பேசப்படவில்லை. இந்த இடைவெளி பின்னால் பெரிதாகியது.

சியோலின் பதினோரு ஆண்டுகள்

தென் கொரியாவில் இப்படியொரு மசோதா முதலில் 2005இல் முன்வைக்கப்பட்டது. சட்டமானது 2016 மார்ச் 2 அன்று. இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளும் ஒரே வாக்குவாதத்தில் கழிந்தன. மனித உரிமையைப் பற்றி உரக்கப் பேசினால்தான் வடக்கு மாறும் என்றது பழமைவாத அணி. பேசினால் பேச்சுவார்த்தை முறியும், உதவி நிற்கும், பிரிந்த குடும்பங்கள் சந்திப்பதும் நின்றுபோகும் என்றது முற்போக்கு அணி. இரண்டு வாதங்களிலும் உண்மை உண்டு. பிரிந்த குடும்பங்களின் முதியவர்கள் ஆண்டுதோறும் இறந்துகொண்டிருக்கும் ஒரு நாட்டில், இந்த இரண்டாவது கவலையை யாரும் லேசாக ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் சட்டம் வந்த பிறகு நடந்ததற்கு இந்த வாதம் போதுமான சமாதானம் ஆகாது. சட்டத்தின் மையமாக வகுக்கப்பட்டது வட கொரிய மனித உரிமை அறக்கட்டளை. அதன் இயக்குநர்களை இரு தரப்பும் பரிந்துரைக்க வேண்டும். முற்போக்கு அணியின் ஜனநாயகக் கட்சி தன் பங்குப் பெயர்களைத் தரவில்லை. அரசுகள் மாறின, நாடாளுமன்றங்கள் மாறின, அறக்கட்டளை தொடங்கப்படவே இல்லை. இச்சட்டப்படி உருவான சர்வதேச ஒத்துழைப்புத் தூதர் பதவி, மூன் ஜே இன் ஆட்சியில் 2017 முதல் 2022 வரை காலியாகக் கிடந்தது. 2019 முதல் சில ஆண்டுகள், ஐ.நா.வின் வட கொரிய மனித உரிமைத் தீர்மானத்துக்குக் கூட்டு முன்மொழிவாளராக இருப்பதிலிருந்தும் சியோல் விலகி நின்றது.

அமெரிக்காவிலும் கதை வேறல்ல. சிறப்புத் தூதராக இருந்த ராபர்ட் கிங் 2017 ஜனவரியில் பதவி விலகிய பின், அந்த இடத்துக்கு ஜூலி டர்னர் வந்தது 2023இல்தான். கட்சியும் ஆட்சியும் வேறான இரண்டு நாடுகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே வகைப் பதவி ஐந்தாறு ஆண்டுகள் ஆளின்றி இருந்தது. சட்டம் ‘இருக்கவேண்டும்’ என்று சொன்ன பதவி அது. அது காலியாக இருந்ததற்காக எந்த அமைச்சரும் தேர்தலில் ஒரு வாக்கையும் இழக்கவில்லை.

ஆனால் தென் கொரியச் சட்டத்தின் ஒரு பகுதி உயிரோடு வேலை செய்தது: பதிவு. தப்பி வந்தவர்களின் சாட்சியங்களைத் திரட்ட ஒருங்கிணைப்பு அமைச்சகத்தில் ஒரு ஆவண மையம் 2016இல் தொடங்கியது. அவற்றைப் பாதுகாக்கும் காப்பகம் நீதி அமைச்சகத்தில் அமைந்தது. இதற்கு ஜெர்மானிய முன்மாதிரி இருக்கிறது. பெர்லின் சுவர் எழுந்த 1961ஆம் ஆண்டிலேயே மேற்கு ஜெர்மனி சால்ஸ்கிட்டர் நகரில் ஒரு பதிவகத்தை நிறுவியது. எல்லையில் சுடப்பட்டவர்கள், சிறையில் சித்திரவதை செய்யப்பட்டவர்கள் என 40,000க்கும் மேற்பட்ட சம்பவங்களை அது பதிவுசெய்தது. நாடு ஒன்றான பின் அந்தக் கோப்புகள் வழக்குகளுக்கும் பாதிக்கப்பட்டோரின் நிவாரணத்துக்கும் பயன்பட்டன. பல ஆண்டுகள் வெளிப்படையாகப் பயன் தராத வேலை ஒரு நாள் தீர்ப்பாக மாறியது. சியோலின் ஆவண மையம் 2023 மார்ச்சில்தான் தன் அறிக்கையை முதன்முறையாகப் பொதுமக்களுக்கு வெளியிட்டது. தாமதமாக வந்தாலும் அது தேவையான வெளியீடு.

டோக்கியோவும் ஜெனீவாவும்

ஜப்பானின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு குறிப்பிட்ட காயத்திலிருந்து பிறந்தது. 1970களிலும் 80களிலும் கடத்தப்பட்ட ஜப்பானியர்களில் பதினேழு பேரை அரசு அதிகாரப்பூர்வமாக அடையாளம் கண்டிருக்கிறது. அவர்களில் ஐவர் மட்டும் 2002இல் திரும்பினார்கள். கடத்தலைத் தீர்ப்பது அரசின் கடமை என்று சட்டம் சொல்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 10 முதல் 16 வரை விழிப்புணர்வு வாரம் என்று வகுக்கிறது. கடத்தப்பட்டவர்களை நோக்கியே பேசும் ‘ஷியோகாசே’ என்ற சிற்றலை ஒலிபரப்பை 2005 முதல் ஒரு தன்னார்வ அமைப்பு நடத்திவருகிறது. மூன்று நாடுகளில் ஜப்பானில்தான் இந்தப் பிரச்சினைக்கு உள்நாட்டில் வலுவான ஆதரவுத் தளம் இருக்கிறது. காரணம் எளிது. கடத்தப்பட்டவர்களின் பெற்றோரும் உடன்பிறந்தோரும் ஜப்பானிய வாக்காளர்கள். அவர்கள் ஆட்சி மாறும்போதெல்லாம் புதிய பிரதமரைச் சந்திக்கிறார்கள். சட்டம் மறக்கப்படாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஐ.நா. தளத்தில் திருப்புமுனை 2013 மார்ச்சில் வந்தது. மனித உரிமைக் கவுன்சில் ஒரு விசாரணை ஆணையத்தை அமைத்தது. ஆஸ்திரேலிய நீதிபதி மைக்கேல் கிர்பி தலைவர்; சோன்யா பிசெர்கோவும் மர்சுகி தாருஸ்மானும் உறுப்பினர்கள். வட கொரியா உள்ளே விடவில்லை. ஆகவே ஆணையம் சியோல், டோக்கியோ, லண்டன், வாஷிங்டன் ஆகிய நகரங்களில் பகிரங்க விசாரணை நடத்தியது. 80க்கும் மேற்பட்டோர் பகிரங்கமாகச் சாட்சி சொன்னார்கள். 240க்கும் மேற்பட்டோர் ரகசியமாகப் பேசினார்கள். 2014 பிப்ரவரியில் வந்த அறிக்கை, அரசியல் கைதிகளுக்கான நான்கு பெரிய முகாம்களில் 80,000 முதல் 1,20,000 பேர் வரை இருப்பதாக மதிப்பிட்டது. அங்கே நடப்பவை மானுடத்துக்கு எதிரான குற்றங்கள் என்றது. சிந்தனைக்கும் தகவலுக்கும் விதிக்கப்பட்ட முழுத் தடையையும் அந்தக் குற்ற அமைப்பின் பகுதியாகவே அது கண்டது. அடுத்த ஆண்டு சியோலில் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் கிளை திறக்கப்பட்டது.

இந்த அறிக்கைக்குப் பின்னால் இருந்த சாட்சிகள் எப்படிக் கிடைத்தார்கள் என்று பார்த்தால், சட்டங்களின் ஒரு பயன் விளங்கும். தப்பி வந்தவர்களை ஏற்ற நாடுகளும், அவர்கள் கதையைப் பத்து ஆண்டுகளாகத் திரட்டிய சிறு அமைப்புகளும், அந்த அமைப்புகளுக்குக் கிடைத்த சிறு நிதியும் சேர்ந்துதான் இந்தச் சாட்சி மேடையைச் சாத்தியமாக்கின.

தகவல் போய்ச் சேர்ந்ததா?

தென் கொரிய ஒருங்கிணைப்பு அமைச்சகம், தப்பி வந்த 6,351 பேரிடம் 2013 முதல் 2022 வரை திரட்டிய தகவலை 2024இல் வெளியிட்டது. 2016க்கும் 2020க்கும் இடையில் வெளியேறியவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், அங்கே இருந்தபோதே வெளிநாட்டுப் படங்களையோ தொடர்களையோ பார்த்திருந்தார்கள். இந்த எண்ணைக் கவனமாகக் கையாள வேண்டும். தப்பி வருபவர்களில் பெரும்பாலோர் சீன எல்லையை ஒட்டிய வட ஹம்கியோங், ரியாங்காங் மாகாணங்களைச் சேர்ந்தவர்கள், பெண்களே அதிகம், துணிந்து வெளியேறியவர்கள். நாட்டின் உள்பகுதி உழவரை அவர்கள் முழுமையாகப் பிரதிநிதித்துவப்படுத்த மாட்டார்கள். அப்படியிருந்தும், அடைப்பு எவ்வளவு தூரம் ஓட்டையாகிவிட்டது என்பதை அந்த எண் காட்டுகிறது.

இந்த ஓட்டையைச் சட்டம் போடவில்லை, சந்தை போட்டது. பஞ்சத்துக்குப் பின் வளர்ந்த ‘ஜாங்மாடாங்’ சந்தைகளில் சீனத்து வி.சி.டி.யும் பின்னர் டி.வி.டி.யும் விற்பனைக்கு வந்தன. மின்வெட்டிலும் பேட்டரியில் ஓடும், பென் டிரைவ் செருகக்கூடிய ‘நோட்டெல்’ என்ற சிறு இயக்கி வீடுகளுக்குள் புகுந்தது. சோதனை வரும் சத்தம் கேட்டால் பென் டிரைவை உருவி ஒளித்துவிடலாம். கடத்தல் வியாபாரி லாபத்துக்காகத் தென் கொரியத் தொடரைக் கொண்டுவந்தான். சட்டங்களின் நிதி, இந்த ஓடையில் செய்தியையும் ஆவணப் படத்தையும் அறிவுநூலையும் சேர்க்க உதவியது. வியாபாரி கொண்டுவராததைக் கொண்டுசேர்ப்பதே அந்த நிதியின் தனிப் பயன்.

கியூபாவின் அனுபவமும் இதையே சொல்கிறது. 1983ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின் வழியே 1985இல் ‘ரேடியோ மார்த்தி’ தொடங்கியது. 1990இல் அதன் தொலைக்காட்சியும் வந்தது. தொலைக்காட்சி அலைகளை ஹவானா தடுத்துவிட்டதால் பெரும் செலவுக்குப் பின்னும் அதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. அதே தீவில் பிற்காலத்தில் எந்த நாடாளுமன்றமும் திட்டமிடாமலேயே, வாரந்தோறும் ஹார்ட் டிஸ்க்கில் படங்களும் தொடர்களும் கைமாறும் ஒரு வலைப்பின்னல் உருவாகிப் பரவியது. மக்கள் நடமாட்டமும் வியாபாரமும் இருக்கும் இடத்தில் தகவல் வேகமாகப் பரவுகிறது. அவை இரண்டும் அடைபட்டால், எல்லை கடந்து வரும் அலை ஒன்றே மிஞ்சுகிறது.

பியோங்யாங்கின் எதிர்ச் சட்டங்கள்

2020 ஜனவரியில் கொரோனாவைக் காரணம் காட்டி எல்லை மூடப்பட்டது. புதிய வேலிகள் எழுந்தன. எல்லையை நெருங்குபவரை எச்சரிக்கையின்றிச் சுடலாம் என்ற ஆணை அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்தது. 2019இல் 1,047 பேர் தென் கொரியாவை அடைந்தார்கள். 2021இல் 63 பேர். 2024இல்கூட 236 பேர்தான்.

கதவடைத்த கையோடு அரசு மூன்று சட்டங்களை இயற்றியது. 2020 டிசம்பரில் பிற்போக்குச் சிந்தனை, பண்பாடு ஒழிப்புச் சட்டம். 2021இல் இளைஞர் கல்வி உறுதிச் சட்டம். 2023 ஜனவரியில் பியோங்யாங் பண்பாட்டு மொழிப் பாதுகாப்புச் சட்டம். முதல் சட்டத்தின்படி தென் கொரியப் படத்தைப் பார்த்தாலே பல ஆண்டுக் கட்டாய உழைப்புச் சிறை. பரப்பினால் மரண தண்டனை வரை போகலாம். மூன்றாவது சட்டம் தென் கொரியப் பாணியில் பேசுவதையும் எழுதுவதையும் குற்றமாக்குகிறது. 2025 செப்டம்பரில் வந்த ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் அறிக்கை, 300க்கும் மேற்பட்ட சாட்சிகளின் அடிப்படையில், கண்காணிப்பு பத்து ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட இறுகியிருப்பதாகவும், வெளிநாட்டுத் தொடர்களைப் பரப்பியவர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்படுவதாகவும் சொல்கிறது.

தொழில்நுட்பமும் அரசின் கையில் ஆயுதமாயிற்று. வட கொரியக் கைபேசிகளில், அரசின் மின்னணுக் கையொப்பம் இல்லாத கோப்பு திறக்காது அல்லது தானே அழிந்துவிடும். பயன்படுத்துபவரின் திரையை அவ்வப்போது படமெடுத்து, அவர் அழிக்க முடியாத இடத்தில் சேமிக்கும் மென்பொருளும் அவற்றில் இருக்கிறது. ‘ரெட் ஸ்டார்’ என்ற அவர்களது கணினி இயங்குதளத்தை ஆராய்ந்த இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள், அதன் வழியே செல்லும் கோப்புகளில் யார் கணினியில் திறக்கப்பட்டது என்ற அடையாளம் மறைவாகப் பொறிக்கப்படுவதை 2015 டிசம்பரில் விளக்கிக் காட்டினார்கள். ஒரு பென் டிரைவ் கைமாறிய பாதை முழுவதையும் அதிகாரி திரும்பப் படித்துவிட முடியும்.

இங்கேதான் பழைய சிற்றலை வானொலியின் மதிப்பு விளங்குகிறது. அணைத்த வானொலியில் என்ன கேட்டார்கள் என்ற தடயம் இருக்காது. பெட்டி பிடிபட்டால் ஆபத்துதான். ஆனால் கேட்ட செய்தி பிடிபடாது. இடையூறு அலைகளை அனுப்ப அரசுக்கு மின்சாரம் வேண்டும். அது எப்போதும் போதிய அளவு இருப்பதில்லை. கேட்பவரின் பாதுகாப்பை முதலில் வைத்து யோசித்தால், பழைய கருவியே பல சமயம் நல்ல கருவி.

பலூன் வழக்கு

தகவலை அனுப்பும் எல்லா வழிகளும் சமமல்ல என்பதற்குத் துண்டுப் பிரசுரப் பலூன்கள் சான்று. தப்பி வந்தவர்களின் அமைப்புகள் தென் கொரிய எல்லையிலிருந்து பிரசுரங்களையும் டாலர் நோட்டுகளையும் பென் டிரைவ்களையும் கட்டிப் பலூன் விட்டுவந்தன. 2014 அக்டோபரில் வடக்கு அந்தப் பலூன்களை நோக்கிச் சுட்டது. குண்டுகள் யோன்சொன் பகுதியில் விழுந்தன. 2020 ஜூன் 4 அன்று கிம் ஜோங் உன்னின் தங்கை கிம் யோ ஜோங் பலூன்களைக் கண்டித்து அறிக்கை விட்டார். ஜூன் 16 அன்று கேசோங்கிலிருந்த இரு கொரியாக்களின் தொடர்பு அலுவலகம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் சியோல் நாடாளுமன்றம் பலூன் விடுவதைக் குற்றமாக்கியது: மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 3 கோடி வோன் வரை அபராதம்.

2023 செப்டம்பர் 26 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அந்தச் சட்டப் பிரிவை ரத்துசெய்தது. பேச்சுரிமையை இந்த அளவுக்குக் கட்டுப்படுத்தியது மிகை என்றது. தீர்ப்பு சரியானது என்றே கருதுகிறேன். ஆனால் எல்லைக் கிராமத்து மக்களின் அச்சமும் நியாயமானது. 2024 மே முதல் வடக்கு குப்பை கட்டிய பலூன்களை ஆயிரக்கணக்கில் அனுப்பியது. தெற்கு ஒலிபெருக்கிகளை மீண்டும் முழங்கவிட்டது. இரவும் பகலும் இரைச்சலில் கழிந்தன எல்லையோர உழவர்களுக்கு. பலூன் எங்கே விழும் என்பது காற்றின் கையில் இருக்கிறது. அதைக் கண்டெடுப்பவர் என்ன ஆவார் என்பது யாருக்கும் தெரியாது. சிறை வைத்து அதைத் தடுக்கக் கூடாது. ஆனால் அதையே தகவல் உரிமையின் கொடியாகப் பிடிப்பதும் தவறு. கேட்பவர் தானே தேர்ந்து, தானே நிறுத்தக்கூடிய வழிக்கே முன்னுரிமை தரவேண்டும்.

அணைந்த ஒலிபரப்புகள்

அமெரிக்கச் சட்டம் 2022 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. புதுப்பிக்கும் மசோதாக்கள் வந்தன. அடுத்த மூன்று ஆண்டுகளில் எதுவும் சட்டமாகவில்லை. யாரும் கடுமையாக எதிர்த்ததாலல்ல. வரிசையில் முன்னே நிற்க வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லாததால். 2022 டிசம்பரில் பாதுகாப்பு நிதிச் சட்டத்தோடு சேர்ந்து, வட கொரியாவில் சிறைப்பட்ட அமெரிக்க மாணவர் ஓட்டோ வார்ம்பியர் பெயரில் வட கொரியத் தணிக்கையை எதிர்கொள்ளும் சட்டம் நிறைவேறி, ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 1 கோடி டாலரை ஒலிபரப்புப் பணிக்கு அனுமதித்தது. அந்தப் பணம் பேச வேண்டிய வாயே இரண்டு ஆண்டுகளில் மூடப்பட்டது. 2025 மார்ச் 14 அன்று வந்த அதிபர் ஆணைக்குப் பின் ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ மறுநாளே மௌனமானது. 1997 முதல் இயங்கிய ‘ரேடியோ ஃப்ரீ ஏசியா’ கொரியச் சேவையும் நின்றது. சியோலில் தப்பி வந்தவர்கள் நடத்திய சிறு வானொலிகளும் செய்தி அமைப்புகளும் அமெரிக்க நிதி முடங்கியதில் தடுமாறின.

அதே ஆண்டு ஜூனில் பதவிக்கு வந்த லீ ஜே மியுங் அரசு, எல்லை ஒலிபெருக்கிகளை நிறுத்தியது. பதற்றம் தணிய அது உதவியது. அதில் குறைகாண மாட்டேன். ஆனால் ஜூலையில் உளவுத்துறையின் நீண்டகால வானொலிகளும், பின்னர் ராணுவத்தின் வானொலியும் நிறுத்தப்பட்டன. ஒலிபெருக்கி எல்லையோரத்தில் வாழ்பவர் மேல் விழும் இரைச்சல். வானொலியோ விரும்பியவர் மட்டும் தேடிக் கேட்பது. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்து அணைத்தது பெரும் பிழை. ஒரே ஆண்டில், ஒன்றோடொன்று உடன்படாத இரண்டு அரசுகளின் முடிவுகளால், வட கொரியாவுக்கான கொரிய மொழி ஒலிபரப்பின் பெரும்பகுதி காற்றிலிருந்து மறைந்தது. பியோங்யாங் எழுபது ஆண்டுகளாக இடையூறு அலைகளால் சாதிக்க முடியாததை வெளியார் தாமே செய்துகொடுத்தார்கள்.

என்ன செய்யலாம்

இந்த வரலாற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவது, ஆட்சிக் கவிழ்ப்பு என்ற நோக்கத்திலிருந்து தகவல் உரிமையைப் பிரிக்க வேண்டும். 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் மீது சியோலில் எழுந்த சந்தேகத்துக்கு வேர் அதுதான். விலைவாசி, வானிலை, மருத்துவம், உலகச் செய்தி ஆகியவை எந்த அரசையும் கவிழ்க்க அனுப்பப்படுவன அல்ல; மனிதர் வாழத் தேவைப்படுவன. இப்படி வகுக்கப்பட்ட ஒலிபரப்பு, பேச்சுவார்த்தையின் போதும் தொடரலாம். ஹெல்சிங்கி உடன்பாட்டின் 1975ஆம் ஆண்டு அனுபவம் இதற்குச் சான்று. அங்கே பாதுகாப்பும் வணிகமும் மனிதத் தொடர்பும் ஒரே ஆவணத்தில் இடம்பெற்றன. பேசிக்கொண்டே உரிமையையும் கேட்க முடிந்தது.

இரண்டாவது, காலாவதித் தேதியும் ஆண்டு ஒதுக்கீடும் நியமனத் தயவும் சேர்ந்தே இச்சட்டங்களைக் கொன்றன. குறிப்பிட்ட நாட்களுக்குள் தூதரை நியமிக்காவிட்டால் நாடாளுமன்றத்தின் முன் விளக்கம் தரவேண்டும்; ஒரு கட்சி பெயர் தராவிட்டால் அறக்கட்டளை மீதமுள்ளவர்களோடு தொடங்கவேண்டும் என்பன போன்ற எளிய விதிகளே பெரும் மாற்றம் தரும். ஒலிபரப்புக்குப் பல நாடுகள் சேர்ந்து ஒரு நிதியம் வைத்தால், ஒரு தலைநகரின் தேர்தல் முடிவு எல்லாக் குரலையும் ஒரே இரவில் அணைத்துவிடாது.

மூன்றாவது, பதிவுப் பணி எந்த ஆட்சியிலும் நிற்கக் கூடாது. சாட்சிகள் முதுமை அடைகிறார்கள். சால்ஸ்கிட்டர் முப்பது ஆண்டு பொறுத்திருந்தது.

நான்காவது, சீனா வழிப் பாதை. 1982இல் அகதிகள் உடன்படிக்கையில் சேர்ந்த சீனா, வட கொரியர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறது. 2023 அக்டோபரில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் அனுப்பப்பட்டதாக மனித உரிமை அமைப்புகள் தெரிவித்தன. தகவல் கேட்டு வெளியேறத் துணிந்தவருக்கு வழியில் பாதுகாப்பு இல்லையென்றால், தகவல் உரிமை பாதியில் நின்றுவிடும்.

கடைசியாக, கேட்பவரின் ஆபத்தே முதல் அளவுகோலாக இருக்கவேண்டும். எத்தனை பென் டிரைவ் அனுப்பினோம் என்ற கணக்கு அனுப்பியவரின் பெருமைக்கு உதவும். பிடிபட்டால் தண்டனை கேட்டவருக்குத்தான். அந்தத் தண்டனையை அறிந்தும், போர்வைக்குள் ஒலியைக் குறைத்துக் கேட்டவர்கள் இருந்தார்கள் என்பதைத் தப்பி வந்தவர்கள் மீண்டும் மீண்டும் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் தம் பங்கைச் செய்தார்கள்.

இச்சட்டங்களால் வட கொரியா திறக்கவில்லை. திறக்கும் என்று எதிர்பார்த்ததும் சரியல்ல. வெளியார் சட்டம் எந்த நாட்டையும் திறந்ததில்லை. இவை தந்தது இதைவிடச் சிறியது, ஆனால் உண்மையானது: ஒரு சாட்சி மேடை, சிலருக்குப் புகலிடம், இரவில் தேடினால் கிடைக்கும் ஒரு குரல். இந்த மூன்றையும் காக்க ஆகும் செலவு பெரிதல்ல. பியோங்யாங்கின் தண்டனைச் சட்டங்களுக்குக் காலாவதித் தேதி கிடையாது. அவற்றுக்கு எதிரான சட்டங்களுக்கும் அது இருக்கக் கூடாது. வட கொரியர்களால் அதைக் கோர முடியாது. வாக்குள்ளவர்கள்தான் அவர்களுக்காகக் கோர வேண்டும்.